மதிலுக்கு அப்பாலிருந்து கேட்ட கீரிமலை

அனுபவம் எழுதுகிற அளவுக்குப் படித்தவன் அல்ல நான். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன், இப்போது வாடகைக்கு வான் ஓட்டுகிறேன். ஹயருக்குக் காத்திருக்கிற நேரங்களில் மற்றவர்கள் பத்திரிகைக்கு எழுதுகிற அனுபவங்களை ஸ்டியரிங்கில் விரித்து வைத்து வாசிப்பதுண்டு. நானும் ஒன்று எழுதலாம் என்று நினைத்ததே இல்லை. கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்குக் காது சூடாகிவிடும். துணிந்து எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

இது நடந்தது போன வருடம், நல்லூர்க் கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்குச் சில கிழமைகள் இருந்தபோது. எங்கள் வீடு மருதனார்மடத்துக்குக் கிட்ட. வருடம் முழுவதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவேன். கொடியேறுகிற காலத்தில் பள்ளிக்கூடம் விடுமுறை. வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருகிற சனத்தை நம்பித்தான் அந்த நாட்களில் என்னைப் போன்றவர்களின் வான் ஓடும். அந்த ஓட்டம் கிடைக்காவிட்டால் வான் முற்றத்தில் நிற்கும், நானும் பக்கத்தில் நிற்பேன்.

நல்லூரில் ஒரு ஐயா விருந்தினர் விடுதி நடத்துகிறார். தங்க வருகிறவர்களை ஒரு நாள் வடக்குக் கரையோரமாகக் கொண்டுபோய்க் காட்ட அவருக்கு ஒரு வான் தேவைப்பட்டது. காலையில் கீரிமலை, பிறகு தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, திரும்பும்போது வல்லை வெளி. சீசன் தொடங்குமுன்னமே வழியையும் நேரத்தையும் ஒழுங்குபண்ணி வைக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

"உம்மடை வானுக்குக் குறையில்லை. ஓட்டத்திலையும் குறையில்லை. ஆனால் நீர் வாய் திறக்கிறேல்லையே. வாற சனத்துக்கு இது என்ன, அது என்ன எண்டு ஆர் சொல்லுறது?" என்று கேட்டார்.

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "சொல்லுவன் ஐயா" என்றேன்.

"இப்ப சொன்னதே எனக்குக் கேக்கேல்லை" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தானே ஒரு பயணியாக வருவதாகவும், தனக்குப் பிடித்தால் சீசன் முழுவதும் ஓட்டம் எனக்குத்தான் என்றும் சொன்னார். பிடிக்காவிட்டால் சுன்னாகத்தில் நன்றாகக் கதைக்கக்கூடிய ஒருவர் வானோடு தயாராக இருக்கிறாராம்.

மகள் போனில் பார்த்து ஒவ்வொரு இடத்தைப் பற்றியும் எழுதித் தந்தாள். பள்ளிக்கூட வாசல்களில் காத்திருந்தபடியே பாடமாக்கினேன். சனிக்கிழமை ஒரு முறை ஓடிப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். பயணியாக மனைவி. ஆனால் அவளுடைய அக்கா, எனக்கு மச்சாள் முறை, எங்களோடுதான் இருக்கிறார். சீனி வருத்தத்தால் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது.

"அக்காவைத் தனிய விட்டிட்டு வரேலாது" என்றாள் மனைவி.

எனக்குத் தயக்கமாக இருந்தது. காட்சி பார்க்கிற பயணத்தில் அவருக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். வாயால் சொல்லவில்லை. மச்சாள் அதற்குள் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏன் மச்சான், உங்கடை வானுக்குள்ளை கண் தெரியாத ஆக்களுக்கு சீற் இல்லையோ?" என்று கேட்டார். நான் கதவைத் திறந்துவிட்டேன்.

மல்லாகம் தாண்டியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். "கீரிமலை இலங்கையின் வட கரையில் அமைந்துள்ள, புராணப் பெருமை வாய்ந்த புண்ணிய தீர்த்தமாகும்..."

"தங்கச்சி, றேடியோவைக் கொஞ்சம் குறை" என்றார் மச்சாள்.

"றேடியோ இல்லை அக்கா, இவர்தான் கதைக்கிறார்."

"எனக்குத் தெரியும்" என்றார் மச்சாள். இருவரும் சிரித்தார்கள். என் பாடம் அதோடு நின்றுவிட்டது. தெல்லிப்பழையில் மச்சாள், "இப்ப வெளியிலை என்ன தெரியுது?" என்று கேட்டார். "ரோட்டு" என்றேன். "அது எல்லா இடமும் இருக்கே" என்றார். கீரிமலை வரும்வரை பிறகு ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன். ஓட்டம் சுன்னாகத்துக்காரருக்குத்தான் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

கீரிமலைக்குப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடலை ஒட்டி நல்ல தண்ணீர் ஊறுகிற கேணி இருக்கிறது. ஆண்கள் குளிக்கிற கேணி திறந்தபடி இருக்கும். பெண்களுக்குத் தனியாக, உயர்ந்த மதில் கட்டிய கேணி. மனைவியும் மச்சாளும் துவாயை எடுத்துக்கொண்டு அந்த மதிலுக்குள் போனார்கள். வெளியில் நின்றபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சீசனுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பெண்களாக இருப்பார்கள். உள்ளே எப்படி, வயதானவர்கள் இறங்கலாமா, உடுப்பு மாற்ற இடம் இருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வேன்? எத்தனையோ வருடமாகச் சனத்தைக் கொண்டுவந்து இந்த மதிலடியில் விட்டிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. ஆண்பிள்ளை எப்படிக் கேட்பது என்ற வெட்கம்தான்.

அப்போது மதிலுக்கு அப்பாலிருந்து மச்சாளின் குரல் வந்தது.

"மச்சான், நிக்கிறியளோ?"

"ஓம்."

"கேக்கேல்லை."

"ஓம்" என்று கொஞ்சம் பலமாகச் சொன்னேன்.

உள்ளே வேறொரு பெண் அதட்டினார். "ஆரது மதிலோடை நிண்டு கத்துறது? ஆம்பிளையளின்ரை கேணி அங்காலை."

நான் வானுக்குத் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டேன். ஆனால் மச்சாள் விடவில்லை. "அது என்ரை தங்கச்சியின்ரை மனிசன். நாளைக்கு ஒரு ஐயாவுக்கு இந்த இடத்தைப் பற்றிச் சொல்லிக் காட்ட வேணும். சொன்னால்தான் சீசனுக்கு ஓட்டம் கிடைக்கும். பாவம், உள்ளுக்கு என்ன இருக்கெண்டு அவருக்குத் தெரியாது."

"அப்ப சொல்லிக் குடுங்கோ. எட்டிப் பாக்காமல் இருந்தால் சரி" என்றார் அந்தப் பெண். உள்ளே எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

மச்சாள் சொல்லத் தொடங்கினார். படி அகலம், பயப்படத் தேவையில்லை, ஆனால் கீழே போகப் போக வழுக்குகிறது, சுவரில் கை வைத்துக்கொண்டு இறங்கினால் சரி. மேல் தண்ணீர் வெயிலுக்குச் சூடாக இருக்கிறது, முழங்காலுக்குக் கீழே ஐஸ். உடுப்பு மாற்ற மறைப்பு இருக்கிறதாம், உடுப்பைக் கொழுவி வைக்க ஆணி போதாதாம். கடைசியாக, "நான் நல்ல தண்ணிக்குள்ளை கழுத்தளவுக்கு நிக்கிறன் மச்சான். கல்லெறியிற தூரத்திலை கடல் அடிக்கிறது கேக்குது" என்றார்.

நான் அந்த மதிலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே போய்ப் பார்த்த மாதிரி இருந்தது.

"சரி, உங்கடை பக்கம் என்ன நடக்குது?" என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். "ஒரு பெரிய மனிசன் கீழ்ப்படியிலை மூக்கைப் பொத்திக்கொண்டு நிக்கிறார். காலை வைக்கிறார், எடுக்கிறார்."

உள்ளேயிருந்து முன்பு அதட்டிய அதே பெண், "மஞ்சள் துவாயோ?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா."

"அது எங்கடை ஆள். கனடாவிலை ஸ்னோவுக்குள்ளை நிண்ட மனிசனுக்கு இஞ்சை குளிருதாம். இறங்கினவரோ?"

"இல்லை. இப்ப பக்கத்திலை நிக்கிறவரிட்டை ஏதோ கேக்கிறார். அவர் சிரிக்கிறார்."

"இப்ப?"

"திரும்பி மேலை ஏறுறார். இல்லை, நிண்டிட்டார். கண்ணை மூடுறார்." என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "விழுந்திட்டார் அக்கா. தலையும் தண்ணிக்குள்ளை தாண்டிட்டுது. எழும்பிட்டார், இப்ப எல்லாருக்கும் தண்ணி அடிக்கிறார்."

மதிலுக்குள் கைதட்டல் எழுந்தது. ஆண்கள் பக்கத்தில் நின்ற சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு என் காது சூடாகவில்லை, அல்லது சூடானதை நான் கவனிக்கவில்லை.

தலை ஈரத்தோடு வந்து ஏறிய மச்சாள், "கதைக்கத் தெரியாத மனிசனாம்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வழி முழுவதும் சொல்லிக்கொண்டு போனேன். மகள் எழுதித் தந்ததில் ஒரு வரியும் சொல்லவில்லை. தொண்டைமானாற்றுப் பாலத்தில் தூண்டில் போடுகிறவர்கள், வல்வெட்டித்துறையில் கரைக்கு இழுத்து வைத்த வள்ளங்களின் நிழலில் படுத்திருந்த நாய்கள், மதிலின் மேல் ஏறி முருங்கை தின்ற ஆடு, எல்லாம் சொன்னேன். ஓரிடத்தில் "கடல் நல்ல வடிவாயிருக்கு" என்றேன்.

"வடிவெண்டால் என்ன நிறம்?" என்று கேட்டார் மச்சாள்.

வானை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்தேன். இத்தனை வருடமும் அந்தக் கடலுக்குப் பக்கத்தில் ஓடியிருக்கிறேன், நிறத்தை இப்படிப் பார்த்ததில்லை. "கரையிலை சவர்க்காரத் தண்ணி மாதிரி. அங்காலை பச்சை. அதுக்கும் அங்காலை, உங்கடை நீலப் பட்டு இருக்கெல்லோ, அந்த நிறம்" என்றேன்.

"அந்தப் பட்டு சாயம் போயிட்டுது" என்றாள் மனைவி.

"என்ரை கண்ணுக்கு இன்னும் போகேல்லை" என்றார் மச்சாள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் வானை மறுபடி ரோட்டில் ஏற்றினேன்.

பருத்தித்துறையில் சுடச்சுட வடை வாங்கிச் சாப்பிட்டோம். வழியையும் அங்கே வைத்துத்தான் மாற்றினேன். கீரிமலையில் புகைப்படம் எடுக்க மட்டும் நிறுத்துவதாக இருந்தேன், குளிக்க நேரம் விடுவதென்று முடிவு செய்தேன். மாற்றுடுப்பு கொண்டுவரச் சொல்ல வேண்டும். கப்பல்களுக்கு வழிகாட்டுகிற வெளிச்சவீட்டடியில் மத்தியான வெயிலில் நிற்பதைக் குறைத்தேன். வீடு வாசல் இல்லாத வல்லை வெளிக்கு வந்ததும் மச்சாள் கண்ணாடியை இறக்கச் சொன்னார். ஏசியை நிறுத்தி எல்லாக் கண்ணாடியையும் இறக்கினேன். சோளகக் காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போனது. மூன்று பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. இந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்பதையும் அன்றைக்குத்தான் திட்டத்தில் சேர்த்தேன்.

நான் இன்னும் கூச்சக்காரன்தான், கலியாண வீட்டில் பின்வரிசையில்தான் இருப்பேன். ஆனால் வானுக்குள் யாராவது "அது என்ன?" என்று கேட்டால், என்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நினைக்க எனக்கு நேரமிருப்பதில்லை. கேட்டவருக்கு அது தெரிய வேண்டும் என்ற எண்ணம்தான் முன்னுக்கு வருகிறது.

அடுத்த நாள் ஐயா வந்து ஏறினார், போய் வந்தோம். பின்னேரம் விடுதி வாசலில் இறங்கும்போது, கொடியேற்றத்துக்கு முதல் நாள் காலை ரயில் ஸ்டேசனுக்குப் போய், கொழும்பிலிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார்.