நாயின் உயரத்திலிருந்து பார்க்கிறவள்

முதலில் முட்டி போடுகிறாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் புல்லில் ஊன்றிக்கொண்டு, கழுத்தை நீட்டி, வேலியின் அடிப்பக்கத்தைப் பார்க்கிறாள். அப்படியே நான்கு காலில் நகர்ந்து அடுத்த கம்பத்துக்குப் போகிறாள். காலை நடைக்கு வந்த ஒருவர் நின்று, "என்னம்மா தொலைச்சுட்டீங்க?" என்று கேட்கிறார்.

"இன்னும் ஒண்ணும் தொலைக்கலைங்க. தொலையாம இருக்கணும்னுதான் பார்க்கறேன்."

அவர் அடுத்த கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் அவள் வேலியின் மறுகோடிக்குப் போய்விட்டாள்.

என் தங்கைக்குப் பிழைப்பே இதுதான். பிறர் வீட்டு நாய்களைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது. ஏதாவது ஒரு பூங்காவில் இனி நாய்களை விடலாம் என்று பலகை வைத்தால், நாய்களுக்கு முன்னால் இவள் ஆஜராகிவிடுவாள். நின்றுகொண்டு பார்த்தால் எல்லாப் பூங்காவும் அழகாகத்தான் இருக்கும். குனிந்து நாயின் உயரத்துக்கு இறங்கினால்தான் வேலிக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் சந்தும், புல்லுக்குள் மினுங்கும் கண்ணாடிச் சில்லும், பெஞ்சுக்கு அடியில் யாரோ வீசிவிட்டுப் போன கோழியெலும்பும் கண்ணில் படும் என்பாள். நடைபாதைச் சிமெண்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். கை சுட்டால் அன்றைக்கு அந்தப் பாதை கிடையாது.

நாய்களுக்கென்று வேலியடைத்த இடங்களில் இரட்டைக் கதவு இருக்கும். முதல் கதவைச் சாத்திய பிறகுதான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். நடுவில் ஒரு குளியலறை அளவுக்கு இடம். அங்கேயே கயிற்றை அவிழ்த்துவிடுவாள். சிலர் பயந்துபோய் கயிற்றோடு உள்ளே கூட்டிவருவார்கள். மற்ற நாய்கள் அவிழ்ந்து திரியும்போது ஒன்று மட்டும் கட்டுண்டு நின்றால், அதற்கு ஓடவும் வழியில்லை, ஒதுங்கவும் வழியில்லை. பயத்தில் அதுதான் முதலில் பல்லைக் காட்டும். இதை அவள் பொறுமையாகவே சொல்லிக்கொடுப்பாள். ஆனால் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் பொறுமை போய்விடும். "உங்க வீட்டு பீரோவையும் இப்படித்தான் திறந்து போட்டுட்டு வந்தீங்களா சார்?" என்று பூங்கா முழுக்கக் கேட்கும்படி கேட்பாள்.

மனிதர்களின் பெயர் அவளுக்கு நிற்பதில்லை. டைகரம்மா, புஸ்ஸி அப்பா, ராணி வீட்டுத் தாத்தா. புஸ்ஸி என்பது பூனையல்ல, கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய். குட்டைக் காலும் பெருத்த வயிறுமாக இன்னொன்று உண்டு. அதற்கு மேனேஜர் என்று பெயர். ஒருநாள் பேருந்தில் நின்றுகொண்டே அதன் சொந்தக்காரருக்கு போன் செய்தாள். "கவலையே படாதீங்க, மேனேஜர் இன்னிக்கு ரெண்டு தடவை போனாரு. நேத்து மாதிரி இல்ல, நல்லா கட்டியாத்தான் போனாரு." பேருந்து மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடலாம் என்று நான் எழுந்து நின்றேன். அவளோ, "உட்கார இடம் இருக்கே, நீ ஏன்க்கா நிக்கறே?" என்கிறாள்.

அவள் உட்காரவில்லை. எங்கேயும் உட்கார மாட்டாள். எங்கள் அம்மா அவளுக்கு வைத்த பெயர் பம்பரம். சோற்றுத் தட்டை ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே சாப்பிட்டு முடித்துவிடுவாள். நான் தையல் மெஷினில் இருந்தால், பக்கத்தில் வந்து நின்று நூல்கண்டுகளை நிறம் மாற்றி அடுக்குவாள், மறுபடி கலைப்பாள்.

"ஒரு இடத்துல உட்காருடி. உன்னைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது."

"அப்ப பார்க்காதே. ஊசியைப் பாரு."

நாய்களோடு போவதற்கு முன்னால் ஓர் அலுவலகத்தில், வருகிறவர்களை வரவேற்கும் மேஜையில் இருந்தாள். நல்ல நாற்காலி, குளிர்ந்த காற்று. இவள் மேஜைக்கு முன்னும் பின்னும் உலாத்தியதில், "உட்காரும்மா, வர்றவங்க ஏதோ ஆபத்துன்னு நினைச்சுக்கறாங்க" என்று அதிகாரி சொல்லிவிட்டார். சில மாதத்தில் விட்டுவிட்டாள். "உட்கார்ந்தா காலுக்குள்ள எறும்பு ஊருதுக்கா. நான் என்ன செய்ய?" சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என்னிடம், உன் தங்கை நாய் மேய்க்கிறாளாமே என்று ஒரு மாதிரி கேட்பார்கள். ஆமாம், நன்றாக மேய்க்கிறாள் என்பேன். அவள் பிடித்திருக்கும் நாய்களின் மார்ப்பட்டைகள் எல்லாம் நான் தைத்தவை. ஒவ்வொரு பட்டையிலும் அக்குள் படுகிற இடத்தில் மெத்தென்ற துணி கொடுத்து இரட்டைத் தையல் போட்டிருப்பேன். அந்த இடம் உரசிப் புண்ணாகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவள் அவள்தான்.

இப்படிப்பட்டவளைத் தெருமுனையில் அசையாமல் நிற்கவைத்த நாய் ஒன்று வந்தது. பெயர் மாலுமி. தவிட்டு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். அதன் எஜமானர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகனோடும் மருமகளோடும் மூன்றாவது மாடியில் இருக்கிறார். லிஃப்ட் கிடையாது. சர்க்கரை நோயில் ஒரு பாதத்தின் முன்பாதி போய்விட்டது. இனிப் படியிறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுவரை காலையும் மாலையும் மாலுமியைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனவர் அவர். இப்போது நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பால்கனி வரைக்கும்தான் வர முடியும்.

மாலுமி என் தங்கையோடு படியிறங்கும். தெருவில் வரும். முனை வந்ததும் திரும்பி உட்கார்ந்துவிடும். இழுத்தால் படுத்துவிடும். வெளியே ஒன்றுக்கும் போகாது, இரண்டுக்கும் போகாது. வீட்டுக்குத் திரும்பியதும் கூடத்தில் நடுவாகப் போய்விடும்.

மருமகள் ஒரு மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள். வந்து அதைத் துடைப்பாள். அவள் கெட்டவள் இல்லை. என் தங்கையைப் படிக்கட்டில் நிறுத்தி, மாமனார் காதில் விழாதபடி சொன்னாள்: "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேங்க. அதுக்குள்ள வெளிய போகப் பழகலேன்னா, என் அண்ணன் கிடங்குல கட்டிப்போட்டுக்கறேங்கறாரு. காவலுக்கு ஆகுமாம். எனக்கு மட்டும் ஆசையா சொல்லுங்க? என்னால முடியல."

கிடங்கில் கட்டிப்போடுவது என்றால் சங்கிலி. இவள் வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லை மென்றுகொண்டு நடந்தாள். சமையலறை, கூடம், வாசல், மறுபடி சமையலறை.

அடுத்த நாட்களில் அவள் செய்யாத வித்தை இல்லை. வறுத்த ஈரலைக் கையில் காட்டினாள். மேனேஜரைத் துணைக்குக் கூட்டிவந்து முன்னால் நடக்கவிட்டாள். மேனேஜரும் முனையில் சேர்ந்து உட்கார்ந்துகொண்டார். கிரேன்காரரின் பழைய நீலச் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு, அவருடைய நடையில் நடந்து காட்டினாள். மாலுமி சட்டையை மோந்தது, தும்மியது, பால்கனிப் பக்கம் திரும்பிக்கொண்டது. "உன் வேஷம் கலைஞ்சுபோச்சுடி" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு காலை, தெருமுனையில், போகிற வருகிறவர்கள் பார்க்க, அவள் மாலுமியின் பக்கத்திலேயே முட்டி போட்டு, கைகளை ஊன்றி, அதன் தலையோடு தன் தலையை வைத்துப் பார்த்திருக்கிறாள். நின்று பார்க்கும்போது மரக்கிளையில் மறைகிற பால்கனி, அந்த உயரத்திலிருந்து கிளைக்கு அடியில் முழுசாகத் தெரிந்தது. அதில் கிரேன்காரர். ஒரு கை சட்டத்தில், ஒரு கை காற்றில்.

அன்று மாலை என் தையல் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அவர் அங்க நிக்கறவரைக்கும் அது நகராதுக்கா."

"அப்ப நிக்காதீங்கன்னு சொல்லித் தொலையேன்டி. யாருக்கு என்ன சொல்லணுமோ முகத்துக்கு நேரா சொல்றவதானே நீ?"

"சொல்லலாம். அவருக்கு நாள் பூராவுக்கும் அது ஒண்ணுதான் இருக்கு. அதைப் போய் எப்படிப் பிடுங்கறது?"

கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள். "சொல்லலேன்னா நாயே போயிடும்" என்றாள், என்னிடமில்லை, கத்தரிக்கோலிடம்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். "நான் திரும்பிப் பார்த்தா அதுவும் திரும்பும். நீ பின்னாடி வந்து என்ன நடக்குதுன்னு சொல்லு."

கிரேன்காரர் பால்கனியில் நாற்காலி போட்டுத் தயாராக இருந்தார். மாலுமி அவர் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. தங்கை நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"ஐயா, இன்னிக்கு நீங்க உள்ள இருக்கணும். நாங்க முனை திரும்பற வரைக்கும்."

"நான் போ போன்னுதானம்மா கை காட்டறேன்."

"கை என்ன சொல்லுதுன்னு அதுக்குத் தெரியாதுங்க. நீங்க நிக்கறீங்க. அது ஒண்ணுதான் தெரியுது."

அவர் தெருவைப் பார்த்தார். "முப்பது வருஷம் கிரேன்ல, மேல உட்கார்ந்து கீழ பார்த்துக்கிட்டே இருந்தவன்மா நான். கப்பல்ல எங்க எவன் நிக்கறான், எவன் தூங்கறான், எல்லாம் தெரியும். இப்ப உள்ள போய் உட்கார்ந்து நான் என்னத்தைப் பார்க்கறது?"

இவள் கயிற்றைக் கையில் சுற்றினாள், பிரித்தாள்.

"முனை திரும்பினப்புறம் வந்து பார்க்கலாமா?" என்றார் அவரே.

"பார்க்கலாங்க. ஆனா நாங்க தெரிய மாட்டோம். மரம்தான் தெரியும்."

"அப்ப இது போச்சா, இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நாங்க உடனே திரும்பி வரலேன்னா, போயிடுச்சுன்னு வச்சுக்குங்க."

"நல்லாருக்கே உன் கணக்கு" என்றார். பிறகு சட்டத்தை ஊன்றி எழுந்தார். நான் நாற்காலியைத் தூக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அதை அவரே காலால் தள்ளித் தள்ளி உள்ளே கொண்டுபோனார். மாலுமியின் தலையைத் தொடவில்லை. பேரைச் சொல்லவும் இல்லை. கண்ணாடிக் கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டார்.

நாங்கள் இறங்கினோம். தங்கையும் நாயும் முன்னால், நான் பத்தடி பின்னால். முனை வந்ததும் மாலுமி திரும்பியது, வழக்கம்போல் உட்கார்ந்தது, கிளைக்கு அடியில் முகத்தை உயர்த்தியது. மேலே சாம்பல் நிறத் திரை மட்டும். நிமிர்ந்த காது இன்னும் நிமிர்ந்தது. ஒரு முறை முனகியது.

தங்கை கயிற்றை இழுக்கவில்லை. அது தரையைத் தொடும் அளவுக்குத் தொய்ந்து கிடந்தது. அவள் முதுகு எனக்குத் தெரிந்தது. கழுத்து ஒரு பக்கமும் அசையவில்லை. கால் மட்டும் செருப்புக்குள் விரலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தது. "என்னக்கா?" என்றாள், முன்னால் பார்த்தபடியே.

"உட்கார்ந்திருக்கு. மேல பார்க்குது."

"திரை?"

"மூடியிருக்கு."

ஒரு பால்காரர் சைக்கிளில் போனார். ஒரு பள்ளி வேன் நின்று போயிற்று. மாலுமி எழுந்தது. பால்கனியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே ஓரடி வைத்தது. பிறகு உடம்பை உதறிக்கொண்டு, திரும்பி, அவள் காலருகே வந்து பாதையை மோந்தது.

"வருதுடி" என்றேன்.

அவள் நடந்தாள். மாலுமியும் நடந்தது. முனையில் திரும்புவதற்கு முன், வலது கையில் கயிறு தொய்ந்தபடி இருக்க, அவள் தன் இடது கையை இடுப்புக்குப் பின்னால், நாய்க்குத் தெரியாமல், கொண்டுவந்தாள். உள்ளங்கையை அந்த மூடிய திரைக்கு நேராக விரித்து, குழந்தைக்கு டாட்டா காட்டுவதுபோல் விரல்களை மெல்ல ஆட்டிக்கொண்டே போனாள்.