பாஸ் செத்துப்போகும் இடம்

நான் மைக் செட்காரன். பொம்மிடி, மொரப்பூர் பக்கத்துக் கல்யாணம், திருவிழா, சாவு என்று இருபது வருடத்துக்கு மேல் ஸ்பீக்கர் பெட்டி கட்டியிருக்கிறேன். சுடுகாட்டுக்குப் பக்கத்தில் ஜெனரேட்டருக்குக் காவலாகத் தனியே படுத்து, நன்றாகக் குறட்டை விட்டவன். யாராவது பேய், ஆவி என்று ஆரம்பித்தால், "எர்த் சரியில்லன்னாலும் இப்பிடித்தான் உறுமும்" என்று சிரித்துவிட்டுப் போவேன். ஆகவே நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், அவ்வளவுதான்.

அப்பா கட்டிய வீட்டில் இருபதடி நீளத்துக்கு ஒரே கூடம். அவருக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரமே நானும் அண்ணன் அந்தோணியும் அந்தக் கூடத்துக்குக் குறுக்கே சுவர் எழுப்பிப் பிரிந்துகொண்டோம். பதினாலடி என் பக்கம். ஆறடியும் பின்கட்டும் அண்ணன் பக்கம். எதற்காகச் சண்டை என்று கேட்காதீர்கள், வெளியில் சொன்னால் வெட்கக்கேடு. ஐந்து வருடம் பேச்சுவார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே கோவிலில்தான் பூசை பார்ப்போம், அவர் முன்வரிசையில் உட்கார்ந்தால் நான் கடைசித் தூணோரம் நிற்பேன்.

ஊருக்கெல்லாம் காது கிழியப் பாட்டுப் போட்டவனுக்கு, தனக்கென்று ஓர் அறையில் நிதானமாகக் கேட்க ஆசை வந்தது. பதினைந்து இஞ்ச் வூஃபர் பெட்டி ஒன்றை என் பக்கத்து மூலையில் வைத்தேன். மைதானத்தில் பாஸ், அதாவது அந்தக் கனத்த அடிச்சத்தம், காற்றோடு போய்விடும் என்பதால் நாங்கள் எப்போதும் கூட்டித்தான் வைப்போம், அதே கைப்பழக்கத்தில் வீட்டிலும் கூட்டி வைத்தேன். நாலு சுவருக்குள் அது எங்கே போகும்? ஜன்னல் கம்பி அதிர்ந்தது, தம்ளர் நகர்ந்தது, எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் ஒருநாள் அண்ணி வாசலில் வந்து நின்றார். ஐந்து வருடத்தில் முதல் தடவை.

"தம்பி, உங்க அண்ணனுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சு ரெண்டு மாசந்தான் ஆவுது. நீங்க பாட்டு போட்டா அவருக்கு உள்ளுக்குள்ள இடிக்குதாம். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல."

ஸ்டென்ட் வைத்தது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். என் பெட்டியால் அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் ஊர் மன்னித்தாலும் நான் என்னை மன்னிக்கமாட்டேன். ஆனால் என் புத்தியைப் பாருங்கள், பாட்டையே நிறுத்திவிட்டால் தோற்றுப்போனது போல் ஆகிவிடும் என்று தோன்றியது. பாட்டும் இருக்க வேண்டும், சுவரையும் தாண்டக் கூடாது.

முதலில் முட்டை அட்டைகளை வாங்கி வந்து சுவர் முழுக்க ஒட்டினேன். "முட்டக்கட வெக்கப் போறீங்களா?" என்றாள் என் மனைவி. அந்த அட்டைக்கு பாஸ் அடங்குமா, கொஞ்சமும் அடங்கவில்லை. பிறகு நாலைந்து பேரிடம் கேட்டு விஷயத்தைப் புரிந்துகொண்டேன். பாஸ் அலை எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வருகிறது. அலையின் நீளமும் அறையின் நீளமும் பொருந்திவிட்டால் போகிறதும் வருகிறதும் ஒன்றாகி, அது ஓடாமல் அங்கேயே நின்றுவிடும். சுவரோரம் காதை அடைக்கும், அறையின் நட்டநடுவில் ஒன்றுமே கேட்காது. இதைக் குறைக்க மூலைகளில் கனமான பஞ்சு வைக்க வேண்டும். பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டித் தரையிலிருந்து மேல்தளம் வரை அடுக்கினேன். கொஞ்சம் அடங்கியது. மீதி எங்கே நிற்கிறது என்று பார்க்க நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில் நேரம். மனைவி அவள் அம்மா வீட்டுக்கு மாரண்டஹள்ளி போயிருந்தாள். போனிலிருந்து ஒரே சீரான அடிச்சத்தம் ஒன்றை ஓடவிட்டு, அதை மெல்ல ஏற்றி, அறை எதில் நன்றாக உறுமுகிறதோ அதில் நிறுத்தினேன். கையில் சாக்பீஸ். பெட்டி இருந்த வெளிச்சுவரிலிருந்து குறுக்குச்சுவரைப் பார்த்து நடந்தேன். பதினாலடி அறை, ஏழாவது அடியில் சத்தம் சாக வேண்டும். சாகவில்லை. எட்டு, ஒன்பது... பத்தாவது அடியில் பொசுக்கென்று செத்தது. மூன்று தடவை டேப் வைத்து அளந்தேன். பத்துதான். இருபதடிக் கூடத்துக்கு அதுதான் நட்டநடு. அதாவது அந்தச் சத்தத்துக்கு எங்கள் சுவர் தெரியவே இல்லை.

நாலரை இஞ்ச் சுவர், பாஸ் ஊடுருவும் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் சாக்பீஸ் கோடு விழுந்த இடம் எனக்குத் தெரியும். ஃபேனுக்கு நேர் கீழே, அப்பாவின் உடலைக் கிடத்தியிருந்த இடம்.

அங்கே நின்றேன். சுற்றிலும் ஜன்னல் அதிர்கிறது, என் காதில் மட்டும் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள் ஒரு மூச்சுக் கேட்டது. இழுக்கும்போது சன்னமாக ஒரு விசில், விடும்போது ஒரு கரகரப்பு. ஈளை மூச்சு. அப்பாவுக்கு இருந்தது, அண்ணனுக்கும் உண்டு. ஓர் அடி தள்ளி நின்றால் உறுமல், திரும்பக் கோட்டில் நின்றால் மூச்சு. நம்பினால் நம்புங்கள், மூன்று தடவை தள்ளி நின்று பார்த்தேன். மூன்றாம் தடவை அந்த மூச்சு தடுமாறியது.

அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடக்கிறார் என்று நினைத்துவிட்டேன். என் சத்தந்தான் அவரைச் சாய்த்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். வூஃபரை அணைத்துவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் சுற்றிக்கொண்டு ஓடினேன். அண்ணன் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. "அண்ணா, அண்ணா" என்று ஜன்னலைத் தட்டினேன். அண்ணிக்குப் போன் போட்டேன்.

"காலையிலயே மூச்சு முட்டுதுன்னு சேலத்துக்குக் கூட்டியாந்துட்டோம் தம்பி. உள்ள வெச்சிருக்காங்க. உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல."

வீட்டில் யாருமே இல்லை. வெயிலில் நின்றபடியே எனக்குக் குளிர் எடுத்தது. பைக்கை எடுத்தேன், சேலம் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. முகத்தில் மாஸ்க்கோடு அண்ணன் படுத்திருந்தார். அதே விசில், அதே கரகரப்பு. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கப் பார்த்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை போல அழுதேன்.

நாலாம் நாள் பேச்சு வந்தது. "அந்தச் செவுத்த எடுத்துரலாம்டா" என்றார்.

"சரிங்ண்ணா" என்றேன். அவ்வளவுதான் எங்கள் சமரசம்.

கொத்தனார் ஒரே நாளில் சுவரை இடித்தார். பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். இரண்டு அடுப்பும் ஒன்றானது. ஒருநாள் மாலை அண்ணனே, "எங்க, அந்த டப்பாவ மெல்லமா போடு, கேக்கலாம்" என்றார். பாட்டுக் கேட்டோம், அப்பாவைப் பற்றிப் பேசினோம். எனக்கு அந்த மாதிரி சந்தோஷம் அதற்கு முன் இருந்ததில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் அவர் வெளியே போயிருந்தபோது மனம் கேட்காமல் அந்தச் சீரான சத்தத்தை ஓடவிட்டேன், மிகவும் மெதுவாக. இப்போது நிஜமாகவே இருபதடிக் கூடம். பத்தாவது அடியில் சாக வேண்டும்.

ஏழாவது அடியில் செத்தது.

திரும்பத் திரும்ப அளந்தேன். ஏழுதான், பழைய பதினாலடி அறையின் நட்டநடு. அதற்கப்பால் மறுபடி ஏறி, பதினாலாவது அடியில் காதை அடைத்தது. சுவர் இருந்த அந்தக் கோட்டைத் தாண்டி அண்ணன் பக்கத்து ஆறடிக்குள் நின்றேன். ஒன்றுமே இல்லை, கதவைச் சாத்திவிட்டது போல. மனைவியை வரவழைத்து நிற்க வைத்தேன், அவளுக்கும் அப்படியேதான். முட்டை அட்டை வாங்கியபோது சிரித்தவள் அன்று சிரிக்கவில்லை. பெட்டியை அன்றே விற்றுவிட்டேன்.

அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை, அவர் இதயத்துக்கு ஆகாது. சுவர் இருந்த இடத்தில் தரையில் ஒரு சிமெண்ட் பட்டை மட்டும் இருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது தடவை அவர் அதைக் கடந்து வருகிறார். ஒவ்வொரு தடவையும், பட்டப்பகலில், கண்ணைத் திறந்துகொண்டே, வலது கையை முன்னால் நீட்டி எதையோ தடவிப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறார்.