மாற்றுத் துணியும் எள்ளும்

பூதப்பாண்டியில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில், மாதவிலக்கான பெண்களுக்கு வெளுக்கிறவள்தான் மாற்றுத் துணி கொண்டுவருவாள். எனக்கு விலக்கு ஒழுங்காக வந்ததே இல்லை. தாடையில் முடி வேறு முளைத்தது. விலக்கு வர, வைத்தியர் சொன்னபடி தினமும் எள்ளும் கருப்பட்டியும் இடித்துத் தின்றேன். மாசி நெல்லறுப்புக்குள் நான் உண்டாகாவிட்டால் கணவருக்கு வேறு பெண் பார்ப்பதாகப் பேச்சு.

மார்கழியில் வெளுக்கிறவள் என்னைக் காட்டி மாமியாரிடம் சிரித்துக்கொண்டே கேட்டாள். "சின்னம்மைக்கு மாற்று கொடுத்து எம்புட்டு மாசமாச்சு! வயித்துல உண்டுன்னு எங்கிட்ட சொல்லப்படாதா? எனக்கு ஒரு சேலை எடுத்து வையுங்கம்மா."

மாமியார் என் முன்னாலிருந்த எள்ளை எடுத்து ஒதுக்கினார். "எனக்கு எப்பவும் இப்படித்தானே அத்தை. மருந்தை நிறுத்தண்டாம்" என்றேன்.

"வாயக் கழுவுட்டி! எள்ளு தின்னா கலைஞ்சு போவும்" என்றார் மாமியார்.

மருந்து நின்றது. என்னைக் குனியவிடாமல் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

அறுப்பு தொடங்கிய அன்று விலக்கானேன். வெளுக்கிறவள் மாற்றுத் துணியை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனாள். "அறுப்பு முடிஞ்சு களம் ஒதுங்கினதும் பொண்ணு பாக்கப் போவணும்" என்று மாமியார் அடுப்படியிலிருந்து மகனிடம் சொன்னார். கணவர் தலையாட்டிவிட்டு வயலுக்குப் போனார். எனக்கு அழுகையும் வரவில்லை.

குளித்த அன்று துணியை வெளுக்கிறவளிடம் திருப்பிக் கொடுத்து, "இனி எனக்குக் கொண்டுவர வேண்டாம்" என்றேன். அடுக்களையில் மிச்சமிருந்த எள்ளை முந்தியில் முடிந்துகொண்டு அந்த வீட்டை விட்டு இறங்கி, நெல் ஏற்றித் தெற்கே போன வண்டிகளின் பின்னால் நடந்தேன். வழியில் அதைத்தான் தின்றேன்.