மைதாவுக்கு ஏது தண்ணி?

மைதாவை டம்ளரில் அள்ளினால் பிலோமினா அதைத் தட்டமாட்டார். விரலால் தலையை வழித்துவிடுவதோடு சரி. ரவை என்றால் சமையல் மேடையில் இரண்டு தட்டு. "மைதாவத் தட்டுனா அமுங்கிக்கும் டீச்சர். அப்புறம் ஒண்ணு ஒண்ணேகாலாயிடும்" என்பார், கை நிற்காமல்.

தோணிரேவில் ஞானஸ்நானமோ பிறந்தநாளோ, கேக் இவர் கையால்தான். வீட்டில் தராசு கிடையாது. விளிம்பு நெளிந்த ஓர் எவர்சில்வர் டம்ளர்தான் எல்லாம். தண்ணீர் குடிக்க யாராவது அதை எடுத்துவிட்டால் வீடு ரெண்டுபடும்.

அந்த டம்ளருக்குப் போன மாதம் சோதனை வந்தது. அக்கா மகள் ஜாக்குலின், தன் கல்யாணத்துக்கு இந்தக் கேக்தான் வேண்டுமென்று போனில் ஒரு செய்முறைக் குறிப்பு அனுப்பினாள். எல்லாம் கிராம் கணக்கு. மாப்பிள்ளை வீட்டார் பொன்னேரி பேக்கரியில் சொல்லிவிடலாம் என்றார்கள். "நான் இருக்கச் சொல்ல கடை கேக்கா?" என்று பிலோமினா மறித்துவிட்டார். கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டார்.

ஒரு டம்ளருக்கு எத்தனை கிராம்? கணவர் பிடித்து வரும் இறாலைத் தினமும் இவர் கொண்டுபோய்ப் போடுவது வியாபாரி ராபர்ட்டிடம். கரையிலிருக்கும் அவன் மின்தராசில், ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் பையில் கொட்டி நிறுத்தார். மைதா எழுபது, சர்க்கரை நூற்றிருபது. அதைச் சமையலறைக் கதவில் சாக்பீஸால் எழுதிக்கொண்டு, அரைக் கிலோவுக்கு ஏழு டம்ளர் மைதா போட்டு ஒரு வெள்ளோட்டம் பார்த்தார்.

எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. என் கடைவாய்ப் பல் அதை இன்னும் மறக்கவில்லை. ஜாக்குலின் நெடுநேரம் மென்றுவிட்டு, "பேக்கரியிலயே சொல்லிடலாம் சித்தி" என்றாள் மெதுவாக. பிலோமினாவின் முகம் செத்துப்போனது. எனக்குப் பாவமாக இருந்தது.

"என் கண்ணுக்கு நாலு டம்ளர் போதும்னுதான் பட்டுது. மிஷினு பொய் சொல்லுமானு ஏழு போட்டேன்."

சொன்னவர் கதவில் எழுதியிருந்த எழுபதை ஒருமுறை பார்த்தார். பிறகு பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று கரைக்கு நடந்தார். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன். தராசு தொள்ளாயிரத்து ஐம்பது காட்டியது.

ராபர்ட் அசரவில்லை. "ஈர எறாவுல தண்ணி நிக்கும்க்கா. அதான், எத வெச்சாலும் அம்பது கொறச்சுக் காட்டுறாப்புல வெச்சுக்கீறேன்."

"மைதாவுக்கு ஏதுடா தண்ணி?"

இறால் போட வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிலோமினா சிரிக்கவில்லை. "சரி, தண்ணிக்குனு நீ மேல ஒரு பிடி எறா அள்ளிக்கிறியே, அது இன்னாத்துக்கு?"

வரிசையிலும் சிரிப்பு நின்றது. ராபர்ட் குனிந்து தராசின் பொத்தான்களைத் தடவ ஆரம்பித்தான்.

கதவில் இருந்த எண்களோடெல்லாம் ஐம்பது கூடியது. மைதா நாலு டம்ளருக்கு இறங்கியது. கல்யாணத்தன்று மிஞ்சிய கேக்கை மாப்பிள்ளை வீட்டார்தான் டப்பாவில் அடைத்து எடுத்துப் போனார்கள்.

இப்போது காலையில் கரைக்குப் போனால் பார்க்கலாம். பிலோமினாவின் கூடையில் இறாலோடு பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டும் இருக்கிறது. தராசில் முதலில் அதைத்தான் வைக்கிறார். ஆயிரம் என்று வந்த பிறகே இறாலை வைக்கிறார். நிறுத்து முடித்ததும் பாக்கெட்டின் ஈரத்தை முந்தானையில் துடைத்து, வரிசையில் பின்னால் நிற்கும் மணியம்மாளின் கையில் கொடுத்துவிட்டு நடக்கிறார்.