கட்சாலில் மழை பெய்ததற்குச் சாட்சி

வங்காள விரிகுடாவில் எந்த மேகமும் சொர்ணம்மாவின் முன் அனுமதி இல்லாமல் தும்மக்கூடச் செய்யாது. தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்குப் போகும் முன் நிக்கோபாரின் கட்சால் தீவில் இறங்கி, அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "பெரியம்மா, போய் வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பும். கேட்காமல் வந்தது சுனாமி ஒன்றுதான். அதற்காக அவர் கடலோடு இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இவ்வளவு பெரிய மனுஷிக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் ஆயுதங்கள்: ஒரு புனல், ஒரு பாட்டில், ஒரு அளவுக் கிளாஸ். காலை எட்டரைக்கு ரப்பர் தோட்டத்து மேட்டிலிருக்கும் மழைமானியைத் திறந்து, பாட்டிலில் சேர்ந்த தண்ணீரைக் கிளாஸில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று அட்டையில் எழுத வேண்டும். மாதம் முடிந்தால் அட்டை கப்பலேறி போர்ட் பிளேயர் போகும். ரப்பர் பால் வெட்டுவது சொர்ணம்மாவின் வேலை. மழை அளப்பது வியாதி.

அவருக்கு உட்காரத் தெரியாது. சோறு தின்னும்போது தகரத்தில் நாலு சொட்டு விழுந்தால் எச்சில் கையோடு எழுந்து போய் வானத்தைப் பார்ப்பார். நின்றுவிட்டால் ஏன் நின்றது என்று பார்க்க மறுபடி போவார்.

இந்த அரிப்புக்கு ஒரு காரணம் உண்டு. பழைய மழைமானி கரைக்குப் பக்கத்தில் இருந்தது. சுனாமி அதை வாரிக்கொண்டு போனது. மேட்டில் புதிதாக ஒன்று வைக்கும்வரை அட்டை காலி. அந்த நாளெல்லாம் சொர்ணம்மா நிவாரணத் தகரக் கொட்டகையில் கிடந்தார். பிள்ளைகளை மடியில் போட்டுக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி அவர்கள்மேல் குனிந்துகொள்ளுமளவுக்கு ஒழுகியது. "அம்புட்டு மழையில நனஞ்சோம். அதுல ஒரு சொட்டாவது கணக்குல இருக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் புது மானியைப் பார்க்கிற வேலையைக் கேட்டு வாங்கினார்.

அப்படிப்பட்டவர் போன ஜூலை பிறந்த கையோடு ஈரப் பலகையில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். கப்பல் துறைக்குத் தூக்கிப் போகும்போது, "மானிய யாரு பாக்கறது?" என்று நாலு தரம் கேட்டார். தூக்கினவர்களுக்கு மூச்சு வாங்கியது.

போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரியில் ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டியது.

"சிஸ்டர், அந்தத் தண்ணி மக்கக் கொஞ்சம் வெளில வைங்களேன்."

"எதுக்கு அம்மா?"

"சும்மா. எவ்வளவுன்னு பாக்கத்தான்."

சிஸ்டர் மக்கை எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் வாரம் உமா மகேஸ்வரி பார்க்க வந்தார். தீவுகளின் பழைய மழை அட்டைகளையெல்லாம் தேடி வரிசையாக்கி, இத்தனை வருடத்தில் மழை எப்படி மாறியிருக்கிறது என்று ஆராய்கிறவர். சொர்ணம்மாவுக்குப் போனில் பழக்கம்.

"நம்ம மழ கொறஞ்சிருச்சா மேடம்? முன்ன மாதிரி இல்லன்னு தோட்டத்துல எல்லாரும் சொல்றாங்க."

"எப்பலேர்ந்து சொல்றாங்க?"

"நா கல்யாணம் கட்டி வந்த நாள்லேர்ந்து."

உமா சிரித்தார். "அதனாலதான் அட்டை வேணும்கிறேன். மனசு ஒரு பேய்மழைய ஞாபகம் வச்சுக்கிட்டு மத்த நாளையெல்லாம் விட்டுடும். வருஷக்கணக்கா வரிசையா நின்னாத்தான் மழை நெசமாவே மாறுதான்னு தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கட்சால்ல ஏற்கெனவே பெரிய ஓட்டை. இந்த ஜூலையும் காலின்னா, நீண்ட கணக்குலேர்ந்து கட்சால எடுத்துட வேண்டியிருக்கும்."

"யாராச்சும் எழுதி வச்சிருந்தா?"

"அளந்து எழுதினா சரி. குத்துமதிப்பா எழுதறதுக்குக் காலியே தேவலாம். ஒரு மாசம் பொய்யுன்னா மத்த மாசத்தையும் யாரும் நம்ப மாட்டாங்க."

அன்றிலிருந்து சொர்ணம்மாவுக்குக் கட்டில் முள்ளாகிவிட்டது. டாக்டர் இன்னும் இருக்கச் சொன்னார். இவர் கப்பல் டிக்கெட்டைக் கேட்டார். கடைசியில் டாக்டர்தான் தோற்றார்.

கட்சாலில் இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போய் அட்டையை எடுத்தார். காலியாக இருக்கும் என்று நினைத்தது, நிரம்பியிருந்தது. மாதக் கடைசி நாளின் கட்டம் ஒன்றுதான் பாக்கி. காக்கா காலை மையில் நனைத்து நடக்கவிட்ட மாதிரி எழுத்து. அந்த எழுத்து யாருடையது என்று ஊருக்கே தெரியும்.

கார்த்திகா. அடுத்த வரிசை வீடு. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். ஒரு தரம் மழைமானிக்குள் தவளையைப் போட்டுவிட்டு, "பெரியம்மா, இன்னிக்குத் தவள மழ" என்று சேதி சொன்னவள். இந்தக் கதையை எழுதுகிறவளும் அவளேதான். ஆகவே அவளைப் பற்றி இதற்குமேல் கெட்டதாக எதுவும் சொல்லப்படாது.

"இது ஒன் எழுத்துதானேடி?"

"ஆமா. அழகா இருக்கா?"

"அளந்தியா?"

"அரே பெரியம்மா, எனக்கு வேற காம் இல்லையா? அட்ட சும்மா கெடந்துச்சு, கை அரிச்சுச்சு. தோணுன நம்பரப் போட்டேன்."

"மஜாக் பண்ணாத புள்ள. நெசத்தச் சொல்லு."

"நெசமாத்தான். போட்ட நம்பரு தப்புன்னு மழ வந்து கேஸ் குடுக்கவா போகுது?"

நாளைக்குக் கப்பல். அட்டையை அப்படியே அனுப்பினால் அது பொய்யாக இருக்கலாம். மொத்தத்தையும் சிவப்புப் பேனாவால் அடித்தால் கட்சால் போச்சு. பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மூடினார். திண்ணென்று வீங்கிய காலோடு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். பொறுக்க முடியாமல் பொழுது சாயும் முன் மேட்டுக்கே ஏறிவிட்டார்.

மானியைச் சுற்றிப் புல் குட்டையாக இருந்தது.

ஜூலை மழையில் ஒரு மாதம் விட்டால் அங்கே புல் முழங்காலைத் தொடும். பக்கத்தில் புல் வளர்ந்தால் அளவு கெடும் என்று அவரே அறுப்பது வழக்கம். ஆடு மேய்ந்திருக்குமோ? வேலி அப்படியே இருந்தது. கதவின் கம்பிக் கொக்கியும் மாட்டியபடி இருந்தது. கொக்கி மாட்டத் தெரிந்த ஆடு கட்சாலில் இல்லை.

திரும்பி வரும்போது கார்த்திகா வீட்டு வாசலில் நின்று, உள்ளே இருப்பவளுக்குக் கேட்கிற மாதிரி அவள் அம்மாவிடம் சொன்னார்: "நாளைக்கு நா மானி பாக்கப் போகல. அட்டையே கெட்டுப்போச்சு. ஒரு நாள் எழுதுனா என்ன, எழுதாட்டி என்ன? காலு வேற வலிக்குது."

மறுநாள் விடிந்ததும் பேய்மழை அடித்து ஓய்ந்தது. சொர்ணம்மா அதற்கு முன்பே மேட்டுக்குப் போய், ரப்பர் ஷீட் காயவைக்கும் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அசையாமல். பிறந்ததிலிருந்து அவர் செய்த மகா கஷ்டமான காரியம் அதுதான். மானிக்குள் தண்ணீர் சேர்ந்து கிடக்கிறது, கைக்கெட்டிய தூரத்தில் கிடக்கிறது, போய்ப் பார்க்கக் கூடாது. முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டார்.

எட்டரை நெருங்கும்போது கொக்கி சத்தம் கேட்டது.

கார்த்திகா. தலைவிரி கோலம், அப்பாவின் ரப்பர் பூட்ஸ். சுற்றும் முற்றும் பார்த்தாள். புனல் மேல் குனிந்தாள். அதில் ஒட்டியிருந்த இலையை எடுத்து எறியும் முன் அதிலிருந்த தண்ணீரையும் புனலுக்குள் உதறினாள். புனலைத் தூக்கிப் பாட்டிலை எடுத்துக் கிளாஸ் நிறைய நிறைய ஊற்றி அளந்தாள். கடைசியாக மிஞ்சியதை ஊற்றிக் கிளாஸைக் கல்லின் மேல் வைத்தாள். குந்தி உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடி, மற்றதைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோய், வாய்க்குள் கூட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவுடி?"

கிளாஸ் உருண்டது. நல்ல வேளை, அளந்து முடிந்திருந்தது.

கொட்டகைக்குப் பின்னாலிருந்து கம்பும் கட்டுப்போட்ட காலும் வெளியே வந்தன. சொர்ணம்மா இடுப்பிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். அதில் சிவப்பு மை ஒரு பொட்டுக்கூட இல்லை.

"எழுது. எழுதிட்டு ஓடிப்போயி கப்பல்ல குடுத்துட்டு வா."

"ஐயய்ய, நா ஒண்ணும் அளக்க வரல பெரியம்மா. இந்தப் பக்கமாப் போனேன், சும்மா உள்ள வந்தேன்."

"சும்மா வந்தவ எதுக்குடி ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுப் பாத்த?"