உரமிடாத பாத்தி

அறுபதுகளின் தொடக்கத்தில், ஆய்க்குடிக்குப் போகிற வழியில் ஒரு வயலில் பன்னிரண்டு நெல் பாத்திகளுக்கு நான்தான் பொறுப்பு. விவசாய ஆராய்ச்சியில் களப்பணியாளன் என்று உத்தரவில் போட்டிருந்தது. ஊர்க்காரர்களுக்கு நான் 'கயிறு பிடிக்கிறவர்'. கயிறு பிடித்து முளை அடிப்பது, பயிரின் உயரம் அளப்பது, கிளைத்த தூர்களை எண்ணி நோட்டில் எழுதுவது, இவ்வளவுதான் வேலை. ஆனால் அதை நான் ரசித்துச் செய்தேன். தென்காசியிலிருந்து சைக்கிளில் கிளம்பினால் சாரல் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது அதே காற்று எதிரே நின்று வம்பு பண்ணும்.

அந்த மண்ணுக்கு எவ்வளவு உரம் போதும் என்று பார்ப்பதுதான் சோதனை. ஒன்பது பாத்திகளுக்கு மூன்று அளவுகளில் உரம். மீதி மூன்றுக்கு ஒன்றுமே கிடையாது. அந்த மூன்றை வைத்துத்தான் மற்றவற்றின் விளைச்சலை ஒப்பிட முடியும். உரமிடாத பாத்திகளில் ஒன்று பாதையோரம் அமைந்துவிட்டது. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் வந்த இடம், மாற்றக் கூடாது.

நிலத்துக்காரரை அண்ணாச்சி என்பேன், அவர் மனைவியை மதினி என்பேன். மதினி தினமும் வேலையாட்களுக்குச் சோறு கொண்டுவருவார். எனக்கும் ஒரு பங்கு உண்டு. கேட்டதும் இல்லை, வேண்டாம் என்றதும் இல்லை.

ஆடி மாதம் அதிகாரி பார்வையிட வருவதாகத் தபால் வந்தது. எங்கள் அதிகாரிகளுக்கு வயலைப் பற்றிய கவலை எப்போதும் குற்றாலத்தில் அருவி கொட்டும்போதுதான் வரும். கேலி இருக்கட்டும், அவர் வருகை எனக்குப் பெரிது. என் வேலை தற்காலிகம். அவர் நல்லதாக ஒரு வரி எழுதினால்தான் நிரந்தரம் ஆகும்.

அவர் வர இரண்டு நாள் இருக்கும்போது பார்க்கிறேன், வெளுத்துக் கிடக்க வேண்டிய பாதையோரப் பாத்தி கரும்பச்சையாக நிற்கிறது. குனிந்து சேற்றை அள்ளி முகர்ந்தேன். வேப்பம்புண்ணாக்கு வாடை.

சோற்றுச் சட்டியோடு வந்த மதினி மறைக்கவே இல்லை.

"நாந்தான் தம்பி போட்டேன். தெனம் ஒரு கை."

"எதுக்கு மதினி?"

"எல்லாத்துக்கும் போட்டுட்டு இத மட்டும் பட்டினி போட்டா எப்படி? அங்கன கெடக்க ரெண்டும் கண்ணுல படல. இது நான் வாற வழியிலல்லா நிக்கி? போறவன் வாறவன்லாம் ஒங்க வயலுக்கு மஞ்சக்காமாலையான்னு சிரிக்கான். நீங்களும் பசிச்ச மொகத்தோடதான் வாறிய. ஒங்களுக்குச் சோறு போடலியா?"

"என் வேலைக்கே உலை வச்சிட்டீங்க" என்று கத்திவிட்டேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அன்று அவர் வைத்த சோற்றைத் தொடவில்லை. வீம்புக்குப் பட்டினி கிடந்து, எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து வீடு சேர்வதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

நோட்டை எடுத்தேன். மற்ற இரண்டு வெறும் பாத்திகளின் பயிர் உயரத்தைப் பார்த்து, இதற்கும் அதே போல் ஒரு எண்ணைப் பென்சிலால் எழுதினேன். யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே. ரப்பரால் அழித்தேன். தாள் தேய்ந்து மெலிந்துவிட்டது. அதன் மேலேயே உண்மையான அளவை எழுதினேன்.

அதிகாரி வந்தார். அந்தத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இங்க என்ன எழுதியிருந்தீரு?"

"பொய் எழுதியிருந்தேன் சார். அழிச்சிட்டேன்."

நடந்ததைச் சொன்னேன். அவர் அந்தப் பாத்தியைச் சோதனைக் கணக்கிலிருந்து அடித்து நீக்கினார். "அடுத்த போகத்தையும் பார்க்கேன். அதுவும் கெட்டா நீரு வேற வேலை பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

தப்பு எங்கே என்று நிதானமாக யோசித்தபோது வெட்கமாக இருந்தது. ஒப்பீடு, சோதனை என்று அண்ணாச்சியிடம் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தேன். தினமும் அந்த வரப்பில் நடக்கிறவரிடம், என் கையில் சோறு போடுகிறவரிடம், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்து வந்த பிசானப் போகத்துக்கு நாற்று நடுவதற்கு முன்னால் மதினியிடம்தான் முதலில் போனேன். இந்த முறையும் சீட்டு சதி செய்து, ஒரு வெறும் பாத்தி பாதையோரமே வந்திருந்தது. அந்த மூன்றும் ஒன்றும் தின்னாமல் இருந்தால்தான், எவ்வளவு போட்டால் போதும் என்று எல்லார் வயலுக்கும் சொல்ல முடியும் என்றேன். கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. பாதையோரப் பாத்தியைக் கை காட்டினார்.

"அப்பம் அது பட்டினி இல்ல. நாலு பேரு நல்லதுக்கு இருக்க வெரதம். இத மொதல்லயே சொல்லப்படாதா?"

அதன்பிறகு எனக்கு வேலை குறைந்துவிட்டது. பாதையில் யாராவது சிரித்தால், "ஏலே, அது வெரதத்துல இருக்கு, பேசாம போ" என்று மதினியின் அதட்டல் கேட்கும். ஆடு கூட அந்தப் பக்கம் அண்டவில்லை.

அதிகாரி தை மாதம் வந்தார், அருவி மெலிந்திருந்த நேரத்தில், வயலைப் பார்ப்பதற்காகவே. வெளுத்த மூன்று பாத்திகளையும் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கு வேண்டிய அந்த வரியை வரப்பில் நின்றே எழுதினார்.

மாசியில் அறுத்தோம். பாத்தி பாத்தியாக அடித்து, நிறுத்து, எழுதி முடித்தேன். வெறும் பாத்திகளின் நெல் சின்னச் சின்னக் குவியல்கள். முளைகளைப் பிடுங்கிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, மதினி இடுப்பில் ஒரு ஓலைக் கடகத்தோடு வந்து நின்றார். புண்ணாக்கு வாடை அடித்தது.

"எழுதியாச்சா தம்பி?"

"ஆச்சு மதினி."

"வெரதம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

மூன்று பாத்திகளிலும் அறுத்து நின்ற அடித்தாளின் மேல் அவர் கை நிறைய அள்ளித் தூவினார். பாதையோரப் பாத்திக்கு மட்டும் இரண்டு கை கூடுதலாகப் போட்டார். நான் அளக்கவில்லை.