எந்தப் பிறை, சம்பந்தி?

பெண் பார்க்க வருகிறவர்கள் நல்ல நாளாகப் பார்த்து வருவார்கள். என் மகளைப் பார்க்க வந்தவர்கள் அதைவிட நல்ல நாளில் வந்தார்கள். பெருநாள் அன்று... அவர்களுடைய பெருநாள் அன்று.

எங்களுக்கு அன்று நோன்பு.

"ஏனுங்க, வாசல்ல கார் நிக்குது. புதுத்துணியும் அத்தருமா மூணு பேர் எறங்கறாங்க" என்றாள் மனைவி. சோபாவில் வாடிக் கிடந்த நான் எட்டிப் பார்த்தேன். தாராபுரத்திலிருந்து அப்பா, அம்மா, மாப்பிள்ளைப் பையன்!

ஏற்பாடு என்னுடையதுதான். "பெருநாளன்னைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கே வந்துருங்க" என்று போனில் அழைத்தவன் நான். தேதி சொல்லவில்லை. பிறை தெரியாமல் எப்படிச் சொல்வது?

பனியன் கம்பெனி நடத்துகிறேன். டெலிவரி தேதியை மூன்று மெயிலில் கன்ஃபர்ம் செய்யாமல் துணியில் கத்தரி வைக்க மாட்டேன். பையனின் படிப்பு, சம்பளம், மூக்குக்கண்ணாடி பவர் வரை விசாரித்தேன். எந்தப் பிறை என்று மட்டும் விசாரிக்கவில்லை.

எங்கள் ஜமாஅத்துக்கு நம் பக்கத்தில் பிறை தெரிய வேண்டும். அவர்களுக்கு உலகத்தில் எங்கே தெரிந்தாலும் போதும். முந்தின நாள் மாலையே சம்பந்தி ஆகப்போகிறவர் வாட்ஸ்அப்பில் 'ஈத் முபாரக்' அனுப்பினார். ஆர்வக்கோளாறு என்று நினைத்து, 'தங்களுக்கும்' என்று பதில் போட்டு, கூடவே ஒரு பிரியாணி ஸ்டிக்கரும் அனுப்பினேன். இதைவிடக் கன்ஃபர்மேஷன் வேண்டுமா?

எல்லோரும் ஒரே நாளில் கொண்டாடுவோம் என்று இதே பக்கத்தில் நான் வீராவேசமாக எழுதியது உங்களுக்கு நினைவிருக்கலாம். இல்லாவிட்டால் ரொம்ப நல்லது.

உட்கார்ந்தார்கள். அடுப்படியிலிருந்து ஒரு வாசமும் வரவில்லை.

"ஏனுங்க, உங்களுக்கு இன்னைக்குப் பெருநாள் இல்லீங்களா?" என்றார் பையனின் அப்பா.

"இல்லீங்க... முப்பதாவது நோன்புங்க."

"இருங்க, இப்பவே ஆக்கிப்போடறேனுங்க" என்றபடி மனைவி அடுப்படிக்குப் போனாள்.

பையன் தண்ணீர் டம்ளரை எடுத்தான். காய்ந்த என் உதட்டைப் பார்த்தான். அப்படியே வைத்துவிட்டான்.

அவன் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "நாளே ஒத்துப்போகலீங்களே! கட்டிக் குடுத்தா, வருஷா வருஷம் இந்தப் பஞ்சாயத்துத்தானுங்க? கெளம்பறோம்" என்று எழுந்தார்.

உள்ளறைத் திரை அசைந்தது. பையனின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து 'வேற எடம் பாக்காதீங்கத்தா' என்று என்னிடம் சொல்லிவரும் என் மகள் அந்தப் பக்கம் நின்றிருந்தாள். பக்கம் பக்கமாக ஒற்றுமை எழுதியவன் சோபா உறையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தேன்.

"உக்காருங்க." பேசியது பையனின் அம்மா. "நோன்போட நமக்கு ஆக்கிப்போடறேங்கறாங்க அந்தக்கா. நீங்க பாட்டுக்கு எந்திரிச்சா எப்படி?" என்றவர், விறுவிறுவென்று அடுப்படிக்குள் போய்விட்டார்.

பையன் முதன்முறையாக வாய் திறந்தான். "மஃரிப் வரைக்கும் இருந்து, இவங்க நோன்பு தொறக்கறப்ப எல்லாருமாச் சாப்பிடலாமுங்கத்தா."

"பெருநாளன்னைக்கு நோன்பிருக்கக் கூடாதுடா!" என்றபடி அவன் அப்பா உட்கார்ந்தார்.

மார்க்கப்படி சரிதான். ஆகவே, சட்டத்தைக் காப்பாற்ற ஒரு வாழைப்பழம் சாப்பிட்டார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

நான் கறிக்கடைக்கு ஓடித் திரும்பியபோது அடுப்படி களைகட்டியிருந்தது. நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் யாரும் உப்பு பார்ப்பதில்லை. எல்லாம் குத்துமதிப்புதான், விளைவுகளை நான் வாய் பேசாமல் விழுங்குவேன். அன்று பையனின் அம்மா பிரியாணி மசாலாவை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தார்.

"உப்புப் பத்தல. இன்னுங் கொஞ்சம் எடு கண்ணு."

உப்பு டப்பாவை நீட்டியது என் மகளின் கை.

ஊருக்கெல்லாம் ஒரே பெருநாள் எப்போது வரும்? அதைப் பெரியவர்கள் பேசி முடிக்கட்டும். நான் எழுதிப் பார்த்தேன், நடக்கவில்லை. உப்பு பார்க்க ஓர் ஆள் கிடைத்தால் அதுவரை சமாளிக்கலாம்.

மஃரிப் பாங்கு கேட்டதும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தோம். சம்பந்தி ஏப்பம் விட்டார். "சரிங்க, பொண்ணுக்கு ரெண்டு ஊட்லயும் பெருநாளுன்னு வெச்சுக்குவோம். நிக்காஹ் எப்பங்க?"

"ஹஜ்ஜுப் பெருநாள் கழிஞ்சு மூணா நாள்..." என்று நான் உற்சாகமாக ஆரம்பித்தேன்.

மனைவியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"இங்கிலீஷ் மாசத்துல சொல்லுங்க. கிழமையோட."